ஸ்காபரோ அரச குடியிருப்பு: தை தொடக்கம் பங்குனி வரை ஆட்களை அசைய வைப்பது எப்படி?

ஏழாம்_மாடி:

வணக்கம். ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் 14 மாடி அரச குடியிருப்பு ஒன்றில் வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு குளிர்காலக் குழு தொடங்கப் பார்க்கிறோம். தையில் (ஜனவரி) தொடங்கிப் பங்குனி (மார்ச்) முடிய நடத்த எண்ணம். கீழ்த்தளத்தில் பொது அறை இருக்கிறது, கதிரைகளும் இருக்கின்றன. வரக்கூடியவர்கள் 15, 20 பேர். அனேகமானோர் 65 வயதுக்கு மேல். பாதிப்பேர் எங்கட ஆட்கள், மிச்சம் சீனர், பிலிப்பீன்ஸ்காரர், ஆப்கானியர். நீரிழிவோ பிறசரோ இல்லாத ஆள் குறைவு.

கேட்க வேண்டியவை: எந்த நேரம் வைத்தால் சனம் வரும்? பயிற்றுநர் இல்லாமல் ஆபத்தின்றிச் செய்யக்கூடிய பயிற்சி எது? இன்னுமொன்று, வீடுகளுக்குள் யன்னலெல்லாம் தண்ணியாய் வடிகிறது, சில அறைகள் குளிர்கிறது. அதைப் பற்றியும் ஒரு நாள் கதைக்க வேண்டும், என்ன சொல்லலாம்? வெளியே ஐஸில் நடப்பதைப் பற்றியும் தெரிந்தவர்கள் எழுதுங்கோ.

கதிரைப்_பயிற்சி:

முதலில் நேரம். மார்கழியில் இங்கே பின்னேரம் 4.40க்கே சூரியன் விழுந்துவிடும். அதற்கு முன்னமே, 3 மணி தொடக்கம், அம்மம்மாமாரும் அப்பப்பாமாரும் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் எடுக்கப் போய்விடுவார்கள். காலை 8 மணிக்கும் அதே வேலை. ஆக, மிஞ்சுவது 10 மணி தொடக்கம் 11.30 வரை. காலைச் சாப்பாடும் மருந்தும் முடிந்திருக்கும், மத்தியானச் சமையலுக்கும் நேரம் கிடைக்கும். கிழமை என்றால் செவ்வாயும் வியாழனும். வெள்ளி கோயில் நாள். திங்கள் வைத்தால் மாசியில் குடும்ப தின விடுமுறை குறுக்கே வரும். குளிர்காலத்தில் ஒரு கிழமை அறுந்தால் ஆட்களைத் திரும்பச் சேர்ப்பது பெரும்பாடு.

அறையைச் சுப்பரிண்டனிடம் (கட்டடப் பராமரிப்பாளரிடம்) வாய்ப்பேச்சில் கேட்டுவிட்டு இருக்காதீர்கள். ரொறன்ரோ சமூக வீடமைப்புக் கழகக் கட்டடம் என்றால் உங்கள் பகுதிக்குப் பொறுப்பான சமூக சேவை இணைப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். முதியோருக்கென்றே உள்ள கட்டடங்கள் 2022 ஆனி தொடக்கம் ரொறன்ரோ முதியோர் வீடமைப்புக் கழகத்தின் கீழ் வந்துவிட்டன, அப்படியென்றால் அங்கே கேளுங்கள். கடிதத்தில் நாள், மணி, எத்தனை பேர், யார் திறந்து பூட்டுவது என்று நாலு விசயமும் இருக்க வேண்டும். எல்லாக் குடியிருப்பாளருக்கும் பொது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். "தமிழ் முதியோர் குழு" என்று பெயர் வைத்தால் பொது அறை கிடைப்பது கஷ்டம். பெயரை விட்டாலும், பாதிக் கட்டடத்தை வெளியே விட்டுச் செய்வது சரியுமில்லை. அறிவித்தலில் நேரத்தை எண்ணிலும், கதிரைப் பயிற்சியைப் படத்திலும் போட்டால் மொழி ஒரு தடையே இல்லை.

இனிப் பயிற்சி. கனடாவின் பரிந்துரை, வளர்ந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிடம் மூச்சு வாங்கும் அளவு அசைவு, இரண்டு நாள் தசை வலுப் பயிற்சி, 65க்கு மேல் சமநிலைப் பயிற்சியும். உங்கள் இரண்டு நாளில் 45 நிமிடமாக 90 வரும். மிச்சத்தைக் கட்டடத்துக்குள் நடந்தே சேர்க்கலாம்.

கதிரை சில்லு இல்லாததாக, மடியாததாக இருக்க வேண்டும். இருக்கை நிலத்திலிருந்து 43 சென்ரிமீற்றர் அளவில் இருந்தால் நல்லது. முதுகுப்பக்கம் சுவரில் முட்ட வையுங்கள். கதிரை பின்னால் வழுக்கினால் ஆள் விழுந்துவிடுவார். காலில் வெறும் சொக்ஸ் கூடாது, ரைல் நிலத்தில் அது ஐஸ் மாதிரி. வீட்டுச் செருப்பும் கூடாது. பின்பக்கம் மூடிய சப்பாத்து வேண்டும். சேலை கட்டி வருபவர்கள் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும்.

நான் சொல்லும் ஒழுங்கு இது. முதல் 8 நிமிடம் இருந்தபடி கால் மாறி மாறித் தூக்குதல், தோள் சுற்றுதல், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுதல். பிறகு கதிரையிலிருந்து எழும்பி இருத்தல், 8 தரம், ஒரு நிமிட ஓய்வு, திரும்ப 8. கையைத் தொடையில் ஊன்றாமல் எழும்ப முடிந்தால் நல்லது, முடியாதவர் ஒரு கையால் ஊன்றட்டும். எழும்பும்போது முழங்கால் இரண்டும் உள்ளே சாயப் பார்க்கும். கால்விரல் நேருக்கு முழங்கால் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு தரமும் சொல்லுங்கள். அடுத்து, கதிரையின் பக்கத்தில் நின்று அதன் முதுகைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தல் 10, பக்கவாட்டில் கால் தூக்கல் பக்கத்துக்கு 8, சுவரில் கை ஊன்றித் தள்ளுதல் 10. எல்லாவற்றிலும் எண்ணிக்கையை உரத்துச் சொல்ல வையுங்கள். எண்ணினால் மூச்சை அடக்க முடியாது. மூச்சை அடக்கித் தம் கட்டினால் பிறசர் சட்டென்று ஏறும், அதுதான் காரணம்.

கடைசி 8 நிமிடம் சமநிலை. ஒரு பாதத்தின் முன்னால் மற்றப் பாதம், குதிக்கால் விரலில் முட்ட, 10 செக்கன். கை கதிரைக்கு மேலே, தொட்டும் தொடாமலும். நாலு கிழமையில் 30 செக்கனுக்குக் கூட்டலாம். விழுகை குறைவதற்கு மிகவும் உதவுவது இந்தப் பகுதி. நேரம் போதவில்லை என்றால் வேறெதையும் வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

பிறசர் குளிசை எடுப்பவர்கள் சடாரென எழும்பினால் தலை சுற்றும். இருந்து எழும்பியதும் மூன்று மூச்சு நின்றுவிட்டு நடக்கச் சொல்லுங்கள். நெஞ்சில் இறுக்கம், வழமைக்கு மாறான மூச்சுத்திணறல், ஒரு பக்கம் விறைப்பு என்றால் நிறுத்தி, அவசர உதவிக்கு 911ஐ அழையுங்கள்.

இன்சுலின் அல்லது கிளிக்ளசைட் வகைக் குளிசை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வரக் கூடாது. நடுக்கம், வியர்வை, பதற்றம் வந்து இரத்தச் சீனி 4.0 mmol/Lக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் கொடுங்கள், அல்லது 150 மில்லிலீற்றர் ஜூஸ். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். பால் தேத்தண்ணியோ சொக்லெற்றோ அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு சீனி ஏறுவதைப் பிந்தவைக்கும். அறையில் ஒரு சீனிப் போத்தலும் கரண்டியும் நிரந்தரமாக இருக்கட்டும்.

முதல் நாளும் கடைசி நாளும் ஒரு அளவு எடுங்கள். கையை நெஞ்சில் குறுக்கே கட்டி 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பி இருக்கிறார் என்று எண்ணுவது. 70 முதல் 74 வயதுப் பெண் 10க்குக் குறைவாக, ஆண் 12க்குக் குறைவாகச் செய்தால் விழும் ஆபத்து கூட. அவர்களைச் சுவரோரக் கதிரையில் இருத்தி, பக்கத்தில் ஒரு ஆளை விடுங்கள். எண்ணிக்கை ஏறுவதைக் கண்ணால் காண்கிறவர்கள் நிற்க மாட்டார்கள், தொடர்ந்து வருவார்கள்.

மெல்லிய_காற்று:

மேலே எழுதியவரோடு உடன்பாடு. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கட்டடத்துக்குள் நடப்பது நல்லது, ஆனால் இளைப்பாற என்று மாடி நடைபாதையில் கதிரை கொண்டுபோய் வைக்காதீர்கள். நெருப்பு வந்தால் ஆட்கள் வெளியேறும் வழி அது, அங்கே எந்தப் பொருளும் இருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் லிப்ற் எடுத்துக் கீழே வந்து பொது அறையில் இருக்கலாம்.

இனி யன்னல் தண்ணி. அறைச் சூடு 21 பாகை செல்சியஸ், காற்றின் ஈரம் 50 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்று 10 பாகை உள்ள எதில் பட்டாலும் தண்ணியாய் வடியும். வெளியே மைனஸ் 15 என்றால் பழைய யன்னல் கண்ணாடியின் உட்பக்கம் அதற்கும் கீழேதான் இருக்கும். ஈரத்தை 30 சதவீதத்துக்கு இறக்கினால் கண்ணாடி 3 பாகைக்கு வரும் வரை வடியாது. ஆகவே குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதத்துக்குள் வைத்திருப்பதே நோக்கம். ஈரமானியும் வெப்பமானியும் சேர்ந்த சின்ன டிஜிற்றல் பெட்டி ஒன்று குழுவுக்கு வாங்கி, வீட்டுக்கு மூன்று நாளாகச் சுற்றில் விடுங்கள். கதைப்பதை விட அது கூட வேலை செய்யும்.

எங்கட வீடுகளில் ஈரம் வருகிற இடம் குசினி. புட்டும் இடியப்பமும் அவிக்கிறோம், சோறு வடிக்கிறோம், எல்லாம் நீராவி. பழைய மாடிக்கட்டடங்களில் அடுப்புக்கு மேலே உள்ள விசிறி பல இடங்களில் காற்றை வெளியே தள்ளாது, வடிகட்டி திரும்ப உள்ளேயே விடும். மேலே குழாய் சுவருக்குள் போகிறதா என்று அலுமாரியைத் திறந்து பார்த்தால் தெரியும். குழாய் இல்லையென்றால் அவிக்கும்போது குசினிக்குக் கிட்ட உள்ள யன்னலை மூன்று விரல் அகலம் திறந்து, குளியலறை விசிறியையும் போடுங்கள். அவித்து முடிந்து 15 நிமிடம் ஓட வேண்டும், அடுப்பை நிறுத்தியதும் விசிறியையும் நிறுத்துவதுதான் வழமையான பிழை.

மிளகாய் தாளித்துப் புகை எழும்பினால் வீட்டு வாசல் கதவைத் திறக்காதீர்கள். யன்னலைத் திறவுங்கள். நடைபாதையில் உள்ள புகை உணரி கட்டடம் முழுவதுக்கும் மணி அடிக்கும், தீயணைப்பு வண்டி வரும், 80 வயது ஆட்கள் மைனஸ் 20இல் படியால் இறங்குவார்கள். வீட்டுக்குள் உள்ள உணரியைப் பிளாஸ்ரிக்கால் மூடுவதும் வேண்டாம், அதைக் கழற்ற மறந்துபோகும்.

சூடு குறைந்தால் முதலில் பார்க்க வேண்டியது சுவரடி ஹீற்றருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று. சோபா, நீளத் திரைச்சீலை, அரிசி மூட்டை. இவை சூடான காற்றை மேலே எழும்ப விடாது. ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கட்டிலையும் வெளிச்சுவரிலிருந்து அதே அளவு தள்ளிப் போடுங்கள், மெத்தைக்குப் பின்னால் பூஞ்சணம் பிடிப்பது காற்று போகாத அந்த மூலையில்தான். சின்னத் திட்டாகப் பூஞ்சணம் இருந்தால் பாத்திரம் கழுவும் சவர்க்காரத் தண்ணியால் துடைத்து நன்றாக உலர்த்தினால் போதும். ஒரு சதுர மீற்றருக்கு மேல் இருந்தாலோ துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தாலோ சுவருக்குள் வேறு காரணம் இருக்கும், அறிவியுங்கள்.

ரொறன்ரோ விதியின்படி வீட்டுச் சூட்டைக் கட்டட உரிமையாளர் கட்டுப்படுத்துகிற இடத்தில் குளிர்காலத்தில் 21 பாகைக்குக் குறையக் கூடாது. குறைந்தால் வெப்பமானியை அறை நடுவில், நெஞ்சு உயரத்தில் வைத்து, காலை, மத்தியானம், இரவு என்று மூன்று தரம் எழுதுங்கள். யன்னல் பக்கத்தில் வைத்து எடுத்த கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள். வீடமைப்புக் கழகத்துக்கு அழைத்து முறைப்பாட்டு இலக்கத்தை வாங்குங்கள். அந்த இலக்கம் கையில் இருந்தும் அசைவில்லை என்றால் நகரசபையின் 311 இலக்கத்தை அழையுங்கள். பத்து வீடு தனித்தனியாக அழைத்தால் பத்து இலக்கம், அதுவே பலம்.

தனி ஹீற்றர் பாவிப்பவர்கள்: 1500 வாற் ஹீற்றரை நேரே சுவர்ப் பிளக்கில்தான் செருக வேண்டும், நீட்டு வயரில் செருகினால் வயர் சூடாகி உருகும். சுற்றிவர ஒரு மீற்றருக்குள் துணியோ படுக்கையோ கூடாது. படுக்கும்போது நிறுத்த வேண்டும். நீரிழிவால் கால் விறைத்தவர்கள் ஹீற்றருக்கு நேரே பாதத்தை நீட்டுவதும் சுடுதண்ணிப் பை வைத்துத் தூங்குவதும் ஆபத்து, சுடுவது தெரியாது, காலையில்தான் கொப்புளம் தெரியும். தடித்த கம்பளிச் சொக்ஸ் போதும்.

பேருந்து_54:

விற்றமின் டி பற்றியும் கதைப்பீர்களா? 5000 அலகு (IU) குளிசையைத் தினமும் எடுக்கச் சொல்லி வட்ஸ்அப்பில் வருகிறது. எல்லாருக்கும் சொல்லலாமா?

வழுக்காத_நடை:

@பேருந்து_54, எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லக் கூடாது. ரொறன்ரோ இருக்கிற அகலாங்கில் கார்த்திகை தொடக்கம் மாசி வரை சூரியன் தாழ்வாக நிற்பதால் எவ்வளவு நேரம் வெயிலில் நின்றாலும் தோல் விற்றமின் டி ஆக்காது. அது உண்மை. ஆனால் தேவை 70 வயது வரை நாளுக்கு 600 அலகு, அதற்கு மேல் 800. பாலில் சேர்த்தே விற்கிறார்கள், மீனிலும் இருக்கிறது. 50 தாண்டியவர்கள் 400 அலகுக் குளிசை ஒன்று சேர்த்தால் சரி என்பதே கனடாச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆலோசனை. 4000 என்பது வைத்தியர் சொல்லாமல் தாண்டக் கூடாத எல்லை. கூடினால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அது கெடுதி. வெயில் விற்றமின் தராவிட்டாலும் காலை வெளிச்சம் தூக்கத்துக்கும் மனதுக்கும் உதவும், அதனால் வெளியே போவதை விட வேண்டாம்.

இனி ஐஸ். சப்பாத்து வாங்கும்போது "குளிர்காலச் சப்பாத்து" என்ற பெயரை நம்பாதீர்கள். கனதியான, ஆழமான பிளவுள்ள அடி இருந்தாலும் ஈர ஐஸில் வழுக்கும், ஏனென்றால் பிடிப்பு வருவது றப்பரின் தன்மையால். ரொறன்ரோவில் உள்ள கைற் (KITE) ஆய்வு நிலையம் சப்பாத்துகளை உண்மையான ஐஸ் சரிவில் ஆட்களை நடக்க வைத்துச் சோதித்து, பனித்துகள் அடையாளம் போட்டு இணையத்தில் விடுகிறது. 7 பாகைச் சரிவில் வழுக்காமல் நின்றால் ஒரு பனித்துகள். பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்றால் அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

சப்பாத்துக்கு மேலே மாட்டும் ஆணிப் பட்டி நன்று. ஒரு எச்சரிக்கை: கட்டட வாசலுக்குள் கால் வைக்க முன் கழற்ற வேண்டும். வாசல் ரைலில் அந்த ஆணி பிடிக்காது, சறுக்கும். ஐஸைக் கடந்து வந்தவர் உள்ளே வந்து விழுவது இப்படித்தான். குனிந்து கழற்ற முடியாதவருக்கு அது உதவாது, ஊன்றுகோலின் நுனியில் மடக்கும் கூர் பூட்டிக் கொடுங்கள். அதையும் உள்ளே வரும்போது மடக்க வேண்டும்.

நடக்கும்போது அடி சிறிதாக, பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் நிலத்தில் பட வேண்டும், உடம்பு முன் காலின் மேல் சற்றுச் சாய. கை சட்டைப்பைக்குள் இருக்கவே கூடாது. கடைச் சாமானை ஒரு கையில் தொங்கவிடாமல் முதுகுப் பையில் போடுங்கள். பனி கொட்டிய நாளை விட, பகலில் உருகி இரவில் உறைந்த அடுத்த நாள் காலைதான் மோசம். ஈரத் தார் போலக் கறுப்பாய் மினுங்குவது பெரும்பாலும் ஐஸ்.

உடுப்பில், தோலோடு ஒட்டும் முதல் சட்டை பருத்தியாக இருக்கக் கூடாது. வியர்வையைப் பிடித்து வைத்துக் குளிர வைக்கும். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்தில் உறையலாம். மைனஸ் 40 என்றால் 5 முதல் 10 நிமிடம். குழு நாளில் மைனஸ் 28 வந்தால் வெளி நடையை வெட்டுங்கள், உள்ளறைப் பயிற்சியை வெட்டாதீர்கள்.

நெஞ்சு வருத்தம் உள்ளவர்கள் பனி தள்ளக் கூடாது. குளிரில் இரத்தக் குழாய் சுருங்கியிருக்கும் நேரத்தில் கையால் பாரம் தூக்குவது இதயத்துக்கு இரட்டைச் சுமை.

ஏழாம்_மாடி:

எல்லாருக்கும் நன்றி. நேரத்தைச் செவ்வாய், வியாழன் 10 மணி என்று வைத்துவிட்டோம். இன்னும் இரண்டு. பெண்கள் வர ஒத்துக்கொள்கிறார்கள், ஆண்கள் "உடற்பயிற்சி" என்றதும் வர மாட்டோம் என்கிறார்கள். மற்றது, தைப்பொங்கலைத் தொடக்க விழாவாக வைக்கலாமா?

கதிரைப்_பயிற்சி:

ஆண்களுக்குப் பயிற்சி என்று சொல்லாதீர்கள். அதே அறையில், அதே நேரத்தில், 304 சீட்டு விளையாட ஒரு மேசை போடுங்கள், பக்கத்தில் ஒரு கரம் பலகை. 304க்கு நாலு பேர் வேண்டும், ஆறு பேரும் ஆடலாம், ஆகவே ஒருவர் வந்தால் மற்றவர்களைத் தொலைபேசியில் இழுத்து வருவார். விதி ஒன்றே ஒன்று: ஒவ்வொரு ஆட்டமும் முடிந்து சீட்டுக் கலைக்கும்போது எல்லாரும் 5 தரம் கதிரையில் எழும்பி இருக்க வேண்டும், தோற்ற பக்கம் 8. ஒன்றரை மணித்தியாலத்தில் எட்டு ஆட்டம் போனால் ஒவ்வொருவரும் குறைந்தது 40 தரம் எழும்பியிருப்பார். கரம் பலகையை உயர மேசையில் வைத்து நின்று ஆட விடுங்கள். மூன்றாம் கிழமையில் சமநிலைப் பயிற்சிக்கு மட்டும் வாருங்கள் என்று கேட்டுப் பாருங்கள். முதல் நாளே கேட்டால் மேசையும் காலியாகும்.

பொங்கல் நல்ல தொடக்கம், தை மாதம் கனடாவில் தமிழ் மரபுத் திங்கள் என்பதால் மற்ற ஆட்களை அழைக்கவும் வசதி. ஆனால் பொது அறையில் அடுப்பு மூட்டக் கூடாது, கற்பூரமும் கூடாது, மேலே புகை உணரி இருக்கும். மின்சாரச் சோற்றுச் சட்டியில் பொங்குங்கள். ஒரு பிளக்கில் ஒரு சட்டி, இரண்டைச் சேர்த்தால் மின்சாரம் வெட்டும். பொங்கிய பிறகு சட்டியைச் சூட்டு நிலையிலேயே விடுங்கள். சோறு 60 பாகைக்குக் கீழே வந்து இரண்டு மணித்தியாலம் கிடந்தால் கிருமி வளரும், திரும்பச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. மிஞ்சியதை ஆழமில்லாத தட்டத்தில் பரப்பிக் குளிரூட்டியில் வையுங்கள்.

சர்க்கரைப் பொங்கலைச் சின்னக் கிண்ணத்தில், அரைக் கோப்பை அளவு, அளந்து கொடுங்கள். பாத்திரத்தை நடுவில் வைத்து எடுத்துக்கொள்ள விட்டால் நீரிழிவுக்காரர்தான் இரண்டாம் தரம் வருவார். அதற்கு முன் அவித்த கடலை ஒரு கிண்ணம் எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள், வயிறு கொஞ்சம் நிரம்பியிருக்கும். சீன, ஆப்கானிய ஆட்களுக்கு வெண்பொங்கல் பிடிக்கும், காரம் போடாமல் ஒரு சட்டி தனியாக வையுங்கள். வந்தவர்களின் பெயரையும் மாடி இலக்கத்தையும் அன்றைக்கே எழுதி எடுங்கள். அடுத்த செவ்வாய் காலை 9 மணிக்கு அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு கதவாகத் தட்ட, மாடிக்கு ஒரு ஆளை இப்பவே பேசி வைத்துக்கொள்ளுங்கோ.